மழையை எண்ணும் பலகை

தேயிலைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கு மழையின் இயல்பை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கொழுந்து துளிர்ப்பதும் மழையினால். லயத்திற்கு மேலேயுள்ள சரிவு ஊறி நெகிழ்வதும் அதே மழையினால். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி காலையில், பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்ததை நாம் மறந்துவிடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது மலையக மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்து பாதைகளும் வீடுகளும் அழிந்தன.

இத்தகைய சரிவுகளை முன்னறிவிக்கும் பொறுப்பு, 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உரியது. அந்நிறுவனம் பொதுமக்களுக்குச் சொல்லும் கணக்கு மிக எளியது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் மூட்டை கட்டி ஆயத்தமாயிருத்தல் வேண்டும். 150 மில்லிமீற்றரை எட்டினாலோ, அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டித் தீர்த்தாலோ, பாதுகாப்பான இடத்திற்குப் புறப்பட்டுவிடல் வேண்டும். எளிய மழைமானிகளை மக்கள் கையிலேயே கொடுத்து அளக்கப் பழக்கியும் வந்துள்ளது அந்நிறுவனம்.

ஆயினும் கைமழைமானிக்கு ஒரு குறை உண்டு. நள்ளிரவில், கூரைத் தகரத்தில் மழை அறைந்துகொண்டிருக்கையில், யாரேனும் ஒருவர் எழுந்து சென்று அதைப் பார்க்க வேண்டும். பகல் முழுதும் மலையேறிக் கொழுந்து பறித்து வந்த தாய் எத்தனை முறை எழுந்து போவாள்? தானே எண்ணித் தானே கூவும் ஒரு கருவி இருந்தால் எவ்வளவு நலமாயிருக்கும் என்று மின்னணுவியலில் நாட்டமுள்ள மாணவர் எவருக்கும் தோன்றுதல் இயல்பே. அத்தகைய கருவியைச் செய்வது கடினமன்று. உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிப்போர்க்கும், 2013 முதல் நடைபெற்று வரும் தொழில்நுட்பப் பிரிவில் பயில்வோர்க்கும் வேண்டிய அறிவு ஏற்கெனவே உண்டு. எனினும், சுற்றை மேசைமேல் கோத்துப் பார்த்த பின்பு, அதை நிலையான பலகையாக்க முற்படும்போது பலர் தயங்கி நின்றுவிடுகின்றனர். பலகையை எந்த மென்பொருளில் வரைவது? அதை யாரிடம் கற்பது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரை.

கம்பிக் காடும் செப்புக் கோடும்

நம் பாட்டனார் காலத்து வானொலிப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தவர்கள் அதன் உள்ளே ஒரு கம்பிக் காட்டைக் கண்டிருப்பார்கள். ஒவ்வொரு முனையையும் தனித்தனியே கம்பியால் இணைத்துக் கையால் ஈயம் வைத்தனர். வியன்னா நகரத்தில் 1907இல் பிறந்த பவுல் ஐஸ்லர் என்பார் 1936இல் இங்கிலாந்துக்குச் சென்று, கம்பிக்கு மாற்றாகச் செப்புத் தகட்டில் கோடுகளை அமைத்து வானொலி ஒன்றை உருவாக்கினார். அன்று அதனைக் கண்டு மகிழ்ந்து காசு கொடுப்பார் எவருமில்லை. போர்க்காலத்தில் பீரங்கிக் குண்டின் முகப்பில் பொருத்தும் நுண்கருவிக்கு அச்சிட்ட சுற்று தேவைப்பட்டபோதுதான் உலகம் அதன் அருமையை உணர்ந்தது. இன்றைய கைத்தொலைபேசி முதல் தோட்டத் தொழிற்சாலையிலே கொழுந்து நிறுக்கும் மின்தராசு வரையில் எல்லாவற்றிலும் உள்ளது அவர் காட்டிய வழியே.

அச்சிட்ட சுற்றுப் பலகை என்பது, ஏறத்தாழ 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடி இழைப் பலகையின் மீது, 35 மைக்ரோன் தடிப்புள்ள செப்புப் படலம் ஒட்டியது. வேண்டாத செம்பை அரித்து நீக்கிவிட்டால் எஞ்சுவது கோடு. எந்த இடத்தில் செம்பு எஞ்ச வேண்டும் என்று வரைந்து காட்டுவதற்கே மென்பொருள்.

நம் வீட்டுப் பெண்மணிகள் மார்கழிக் காலையில் இடும் புள்ளிக் கோலத்தை இதற்கு உவமையாகச் சொல்லலாம். கோலத்திற்குப் புள்ளிகள் எங்ஙனமோ, பலகைக்கு உறுப்புகளின் கால்கள் அங்ஙனம். பழைய வழக்குப்படி அப்புள்ளிகளுக்கிடையே 2.54 மில்லிமீற்றர் தூரம். அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒன்று. ஆனால் கோலத்திலே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வது அழகு. பலகையிலோ வெட்டிக்கொண்டால் மின்னோட்டம் குறுக்கு வழியில் பாய்ந்து சுற்று கெடும். வெட்டாமல் செல்ல வழியில்லையேல், பலகையில் ஒரு துளையிட்டு மறுபுறம் இறங்கிக் கடந்து வருதல் வேண்டும். இப்புதிரை விடுவிப்பதிலே ஓர் இன்பம் உண்டு. சதுரங்கம் ஆடுவோர் இதில் எளிதாக ஆழ்ந்துவிடுவர்.

கழுகு பறந்த கதை

பொழுதுபோக்காக இத்துறையில் இறங்குவோர் முன் இன்று பல மென்பொருள்கள் கடை பரப்பி நிற்கின்றன. தொழில்முறைப் பொறியியலாளர் பெரிதும் கையாளும் ஆல்டியம், அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாத் தீவில் 1985இல் தோன்றியது. அதற்கு ஆயிரக்கணக்கில் டொலர் கொட்ட வேண்டுமாதலின் அதை இங்கே விட்டுவிடலாம். இங்கிலாந்தில் பிறந்த புரோட்டியஸ், நுண்கட்டுப்படுத்தியில் எழுதிய நிரலையே திரையில் ஓட்டிக் காட்டும் திறமுடையது. ஆசிரியர்கள் அதை விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஆனால் நம் ஊர்களில் கைமாறிக் கைமாறி வரும் அதன் பிரதிகளிற் பல, பூட்டு உடைத்து எடுத்தவை. களவு என்பது ஒருபுறமிருக்க, அவற்றோடு வைரஸ் நிரல்களும் கணினிக்குள் நுழைகின்றன. அக்காவின் பட்டப்படிப்புக் கட்டுரையும் அதே கணினியில் இருக்குமாயின் வீட்டில் நிகழப்போவதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

தேர்ந்தெடுப்பதில் எதைக் கருத வேண்டும் என்பதற்கு ஈகிள் என்னும் மென்பொருளின் வரலாற்றைப் போன்ற பாடம் வேறில்லை. ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்வோம்.

ஈகிள் என்றால் ஆங்கிலத்தில் கழுகு. அது 1988இல் ஜெர்மனியில் பிறந்தது. எளிதாகக் கையாளத்தக்க வரைபடக் கருவி என்னும் பொருள்படும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகளே அதன் பெயராயின. சிறிய பலகைகளை மட்டும் வரைய விரும்புவோர்க்கு அது இலவசமாகவே கிடைத்தது. அதனால் உலகெங்குமுள்ள மாணவரும் பொழுதுபோக்காளரும் அதையே கற்றனர். புகழ்பெற்ற அர்டுயினோ பலகைகளின் வரைபடங்களும் ஈகிள் கோப்புகளாகவே வெளியிடப்பட்டன. 2009இல் அந்நிறுவனம் ஒரு கைக்கு மாறியது. 2016இல் அமெரிக்க ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2017 தொடக்கத்தில், ஒருமுறை விலை கொடுத்து வாங்கி என்றும் பயன்படுத்தலாம் என்ற முறை மாறி, மாதந்தோறும் ஆண்டுதோறும் சந்தா கட்டும் முறை வந்தது. 2023 ஜூன் மாதத்திலே, 2026 ஜூன் 7ஆந் தேதியுடன் ஈகிள் தனி மென்பொருளாக வழங்கப்படமாட்டாது என்று அறிவித்துவிட்டனர். முப்பதுக்கு மேற்பட்ட ஆண்டுகள் பலர் உழைத்துக் கற்ற வித்தை, ஓர் அறிவித்தலால் திசை மாறியது.

நிறுவனத்தாரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வாணிகம் அவ்வாறே நடக்கும். தமது உழைப்பைப் பிறர் பூட்டிய பெட்டியில் வைக்கிறோமா, தம் பெட்டியில் வைக்கிறோமா என்பதை மாணவர் முதலிலேயே சிந்தித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

சந்தா என்பதில் நம் நாட்டவர்க்கு மற்றோர் இடரும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த ஒரு டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதை அறிவோம். 5 டொலராக இருந்த கூலி, ரூபாயில் ஒரு சதமும் குறையாமலே, டொலரில் மூன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. அவ்வேளையில் டொலரிற் சந்தா கட்டி ஒரு பொழுதுபோக்கை நடத்துவது எவ்வாறு இயலும்?

நாம் பரிந்துரைப்பது

ஆகவே நாம் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது கீகாட் என்னும் மென்பொருளை. பிரான்சு நாட்டுக் கிரனோபிள் நகரில் ஆசிரியராயிருந்த ஷான் பியர் ஷாரா என்பவர் 1992இல் இதைத் தொடங்கினார். அணுத் துகள்களை ஆராயும் செர்ன் ஆய்வகம் 2013 முதல் இதை வளர்க்கக் கைகொடுத்தது. 2019 முதல் லினக்ஸ் அறக்கட்டளையின் அரவணைப்பில் இருக்கிறது. இதற்கு விலையில்லை, பலகையின் பரப்புக்கு வரம்பில்லை, சந்தா இல்லை. படியெடுத்து நண்பர்க்குக் கொடுத்தலும் குற்றமன்று. ஹட்டனில் ஒருவர் இறக்கிக்கொண்டால், பொகவந்தலாவையில் உள்ளவர்க்கு ஒரு பேனாவளவு நினைவகத்தில் எடுத்துச் செல்லலாம். இறக்க வேண்டிய கோப்பு ஒரு ஜிகாபைற்றுக்கு மேற்பட்டதாகையால், தரவுக் கட்டணத்தை எண்ணும் குடும்பங்களுக்கு இது சிறிய வசதியன்று. ஒருமுறை நிறுவிய பின்பு இணையத் தொடர்பே வேண்டுவதில்லை. மழைக்காலத்தில் மலைமூடி மேகம் இறங்கி, கைத்தொலைபேசி வெறும் பெட்டியாகிவிடும் நாட்களிலும் வேலை தடைப்படாது. கோப்புகள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள். எந்நாளும் திறந்து படிக்கலாம். 2018இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் பழைய ஈகிள் கோப்புகளையும் அது திறந்து ஏற்றுக்கொள்கிறது.

குறையே இல்லையா எனின், உண்டு. மிகப் பழைய கணினிகளில் புதிய பதிப்புகள் தடுமாறும். முதன்முறை திறப்பவர் முன் அது பல சாளரங்களாகப் பிரிந்து நின்று மருட்டும். கல்விக்கூடத்தில் நல்ல இணையத் தொடர்பு உள்ளவர்கள் சீனத்துச் சென்சென் நகரிலிருந்து வரும் ஈசி ஈ.டி.ஏ. என்பதை நாடலாம். உலாவியிலேயே வரையலாம், அதே குழுமத்தின் உறுப்புக் கடையும் பலகைத் தொழிற்சாலையும் அதனோடு பின்னிக் கிடப்பதால், வரைந்தவுடன் வாங்கவும் தூண்டும். வசதிதான், ஆயினும் கடைக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவதைப் போன்றது அது. ஜெர்மனியின் பொட்ஸ்டாம் நகரத்துக் கல்லூரியில் 2007இல் உதித்த பிரிட்சிங், சோதனைப் பலகையில் கம்பி செருகும் காட்சியை அப்படியே படமாக வரைந்து காட்டுவதால் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு உகந்தது. பெரியவர்கள் அதில் நெடுநாள் தங்குதல் வேண்டா.

கற்பிப்போர் எங்கே என்று கேட்கலாம். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நடத்தும் பேசும் பாடங்கள் என்னும் திட்டம், கட்டற்ற மென்பொருள்களைக் குறித்த சிறு காணொளிகளை இந்திய மொழிகள் பலவற்றில், தமிழ் உட்பட, ஒலிசேர்த்து வழங்குகிறது. அத்திட்டத்தின் பாடங்களில் கீகாட்டும் ஒன்று. அதே கழகத்தின் மற்றொரு பிரிவு, கீகாட்டையும் சுற்றுகளைக் கணித்துப் பார்க்கும் வேறொரு கட்டற்ற நிரலையும் இணைத்து ஈசிம் என்னும் மென்பொருளை உருவாக்கியுள்ளது. பாடத்திற் காணும் பதிப்பும் கணினியில் உள்ள பதிப்பும் வேறுபடின் பொத்தான்கள் இடம் மாறியிருக்கும், முறை மாறாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றல்

முதல் நாளே மழைமானியை வரையத் தொடங்கல் ஆகாது. ஒரு மின்கலம், ஒரு தடையி, ஒரு ஒளிகாலும் இருவாயி. இம்மூன்றையும் கொண்ட பலகை ஒன்றை முதல் ஞாயிறன்று தொடக்கம் முதல் முடிவு வரை வரைந்து பார்க்க வேண்டும். பலகை சிறிதாயினும் படிகள் அனைத்தும் அதில் வந்துவிடும். அடுத்த ஞாயிறன்று 555 என்னும் தொகையிடு சுற்றைக் கொண்டு விளக்கு மினுக்கும் பலகை. அதன் பின்பு மழைமானி.

இனி மழைமானியின் உறுப்பு எப்படிப்பட்டது என்று பார்ப்போம். புனல் வழியே வரும் நீர், ஊஞ்சற்பலகை போல் இருபுறமும் சாயவல்ல சிறு தொட்டி ஒன்றில் விழுகிறது. ஒருபுறம் நிறைந்ததும் அது சாய்ந்து நீரைக் கொட்டிவிடும். மறுபுறம் நிறையத் தொடங்கும். ஒவ்வொரு சாய்விலும் தொட்டியில் ஒட்டிய காந்தம், கண்ணாடிக் குழாயுள் அடைத்த ஒரு சிறு ஆளியைக் கடந்து செல்ல, ஆளி ஒரு கணம் மூடித் திறக்கும். புனலின் வாய் 16 சென்ரிமீற்றர் விட்டமாயின் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்ரிமீற்றர். அதில் 0.2 மில்லிமீற்றர் மழை விழுந்தால் சேரும் நீர் 4 மில்லிலீற்றர். அந்த 4 மில்லிலீற்றருக்கு ஒருமுறை சாயுமாறு தொட்டியைச் சரிசெய்துவிட்டால், 375 சாய்வுகள் 75 மில்லிமீற்றர். 500 சாய்வுகள் 100. 750 சாய்வுகள் 150. மாணவர்கள் இக்கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்வது நன்று.

எண்ணுவதற்கு அர்டுயினோவில் உள்ள அதே ஏ.டி.மெகா 328பி என்னும் 28 கால் நுண்கட்டுப்படுத்தி போதும். அதனோடு ஒரு படிகம், சில கொள்ளளவிகள், ஆளிக்கு 10 கிலோ ஓம் தடையி ஒன்று, கூவுவதற்கு ஒரு ஒலிப்பான், அதை இயக்க ஒரு திரான்சிற்றர், மின்வெட்டுக் காலத்திற்கு மின்கலம் ஆகியன வேண்டும். ஆளி மூடும்போது ஒருமுறை மூடாமல் சில முறை துள்ளும். அத்துள்ளலை எண்ணிக்கொண்டால் தூறலும் பெருமழையாகிவிடும். ஒரு மணியில் 75 மில்லிமீற்றர் என்னும் கடுமழையிலும் இரு சாய்வுகளுக்கு இடையே 9.6 விநாடி இருக்கிறது. ஆகவே ஒரு சாய்வை எண்ணியபின் அரை விநாடிக்கு வருவனவற்றைப் புறக்கணிக்குமாறு நிரலில் எழுதினால் தீர்ந்தது. மிகக் கடுமழையில், தொட்டி சாயும் அந்தக் கணத்தில் விழும் நீர் கணக்கில் வராமற்போவதால், இவ்வகை மானிகள் சற்றுக் குறைத்தே காட்டும். அதனால் கருவி கூவும் எல்லையைச் சிறிது முன்னதாகவே வைத்தல் நலம்.

சோதனைப் பலகையிலேயே இது வேலை செய்யுமே, தனிப் பலகை எதற்கு என்பாரும் உளர். டயகமவிலும் நானுஓயாவிலும் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நுழையும். செருகிய கம்பிகளில் பாசிபிடித்தாற்போல் துரு ஏறி, ஒரு மாதத்தில் தொடர்பு விட்டுப்போகும். விட்டுப்போவது பெரும்பாலும் வேண்டிய இரவிலேயே. ஈயம் வைத்த பலகையின் மீது, ஈரம் உணர்த்தும் இடங்களை விடுத்து, நகப்பூச்சைத் தடவிவிட்டாலும் ஈரத்தை ஓரளவு தாங்கும்.

கீகாட்டில் வேலை இரு பாகம். முதலில் சுற்றின் வரைபடம். அதில் உறுப்புகள் வெறும் குறியீடுகள். பின்பு ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு கால்தடம் குறிக்க வேண்டும். கால்தடம் என்பது அவ்வுறுப்பு பலகையில் அமரும் துளைகளின் உண்மையான அளவும் அமைப்பும். தொடக்கநிலையினர் பெரிதும் இடறுவது இங்கேதான். பீ.சி. 547 என்னும் திரான்சிற்றரைத் தட்டையான முகம் நம்மை நோக்கப் பிடித்தால், கால்கள் இடமிருந்து சேகரிப்பான், அடி, காலி என்ற வரிசையில் வரும். பீ.என். 2222 எனில் வரிசை தலைகீழ். கடைக்காரர் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைக் கொடுத்துவிட்டால், வரைபடம் செம்மையாயிருந்தும் கருவி ஊமையாகிவிடும். கையில் உள்ள உறுப்பின் தரவுத்தாளைப் பார்த்த பின்பே கால்தடம் குறிக்க வேண்டும்.

வரைபடம் முடிந்ததும் மின்விதிச் சோதனை என்னும் பொத்தானை அழுத்த வேண்டும். அப்போது, மின்வழங்கும் முனையை எதுவும் இயக்கவில்லை என்றொரு பிழைச்செய்தி தோன்றிப் புதியவர்களை நடுங்க வைக்கும். மின்கலம் கண்முன் இருக்கிறதே என்று அவர்கள் திகைப்பர். இணைப்பி வழியே வரும் மின்சாரத்தை மென்பொருள் தானாக உணராது. மின்கொடி என்று சொல்லத்தக்க ஒரு குறியீட்டை அவ்விணைப்பில் நட்டுவிட்டால் செய்தி மறைந்துவிடும். இவ்வொன்றுக்காகவே கீகாட்டைக் கைவிட்டவர் உண்டென்றால் வாசகர் நகைக்கலாம்.

அடுத்து பலகை. உறுப்புகளைக் கொண்டுவந்து கொட்டினால் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். ஆங்கிலத்தார் இதனை எலிக்கூடு என்பர். பார்த்தால் அப்பெயர் பொருந்தும். ஓர் உறுப்பை நகர்த்த நகர்த்தச் சிக்கல் அவிழும். நல்ல பலகையின் பெரும்பகுதி வேலை உறுப்புகளை அமர்த்துவதிலேயே முடிந்துவிடுகிறது. கோடு இழுப்பது பின்னர் எளிது. படிகத்தை நுண்கட்டுப்படுத்திக்கு ஒட்டியே வைக்க வேண்டும். 100 நானோபரட்டுக் கொள்ளளவி மின்முனைக்கு அருகே இருக்க வேண்டும். ஒலிப்பானுக்கும் மின்கலத்துக்கும் செல்லும் கோடுகள் 1 மில்லிமீற்றர் அகலமிருக்கட்டும். எஞ்சிய இடத்தைத் தரைமுனைச் செம்பால் நிரப்பிவிடலாம். கூரையிலிருந்து மானியின் கம்பி வெளியே நெடுந்தூரம் வருமாயின், இடிமுழக்கம் மிகுந்த ஒக்டோபர், நவம்பர் மாதங்களை எண்ணி, நுழைவாயிலில் ஒரு தொடர்த் தடையியும் காப்பு இருவாயியும் வைப்பதற்கு இப்போதே இடம் விடல் வேண்டும். பலகை வந்தபின் இடம் கேட்டால் கிடைக்காது.

முடிவில், வரைந்ததை உண்மை அளவிலேயே தாளில் அச்சிட்டு, உறுப்புகளைத் தாளின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தாளின் செலவில், பல வாரக் காத்திருப்பும் தபாற்கூலியும் மிஞ்சும்.

தொழிற்சாலைக்கு அனுப்பும் கோப்புகளுக்குக் கேர்பர் கோப்புகள் என்று பெயர். ஜோசப் கேர்பர் என்பாரின் பெயர் அது. அவரும் வியன்னாவிற் பிறந்தவர். நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1940இல் இளைஞராக அமெரிக்கா சேர்ந்தவர். ஒளியால் படம் வரையும் பொறிகளை உலகுக்குத் தந்தவர். பலகையைக் கண்டவரும் பலகைக்கு மொழி தந்தவரும் ஒரே நகரத்து யூதர்கள். இருவரும் அந்நகரத்தைவிட்டு வெளியேறியே வாழ வேண்டியிருந்தது.

பத்துக்குப் பத்து சென்ரிமீற்றருக்குள் அடங்கும் பலகைகளைச் சீனத் தொழிற்சாலைகள் ஐந்தைந்தாகச் சில டொலருக்குச் செய்து தருகின்றன. பலகையின் விலையினும் அதைக் கொண்டுவரும் கூலியே மிகுதி. அதனால் பாடசாலைக் கழகமாகச் சேர்ந்து, பல மாணவரின் பலகைகளுக்கும் ஒரே பொதியாகக் கட்டளையிடுவது சிக்கனம். வீட்டிலேயே பெரிக் குளோரைட்டில் அரித்துச் செய்வோர், கோடுகளை 0.8 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வரைக. கையுறை அணிக. பயன்படுத்திய கரைசலை ஓடையில் ஊற்றலாகாது. அதில் கரைந்துள்ள செம்பு மீன்களைக் கொல்லும்; அவ்வோடை நீரையே கீழ்ப்பிரிவு லயத்தார் குடிக்கவும் கூடும்.

மலையகத்திற்கும் மின்சாரத்திற்கும் உள்ள உறவு பழையது. நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையே பிளாக்பூலில் 1912இலேயே சிறு நீர்மின்நிலையம் இயங்கியது. நாட்டின் ஆறுகளிலிருந்து மின்னாக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரா 1918இல் கட்டுரை படித்தார். லக்சபான நிலையத்தின் முதற்கட்டம் 1950இல் தொடங்கப்பட்டது. அம்மின்சாரம் தலைக்கு மேலே கம்பியிற் போனதைப் பார்த்துக்கொண்டே நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கில் இருந்தவை நம் லயங்கள். அங்குள்ள பிள்ளைகள் தம் கையால் ஒரு மின்கருவி செய்வதில் நமக்குத் தனி மகிழ்ச்சி.

எனினும் ஒன்றைக் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். அரசின் எச்சரிக்கை வந்துவிட்டால், நம் கருவி என்ன சொன்னாலும் புறப்பட்டுவிட வேண்டும். கருவி கூவாதிருக்கும்போதே நிலத்தில் விரிசல் கண்டாலும், மரங்கள் சாய்ந்தாலும், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலும், புதிய ஊற்று பிறந்தாலும் அவ்வாறே.

பலகை வந்து, ஈயம் வைத்து முடித்தபின், வெயில் நாளொன்றிலேயே கருவியைச் சோதிக்கலாம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்கள் இரண்டு போதும். 200 சதுர சென்ரிமீற்றர் புனலுக்கு ஒரு போத்தல் நீர் 75 மில்லிமீற்றர் மழை; இரண்டும் சேர்ந்தால் 150. முதற் போத்தலின் மூடியில் ஊசித்துளையிட்டுப் புனலின் மேல் கவிழ்த்து, அடியிலும் காற்றுக்கு ஒரு துளையிட்டு, இரண்டு மணி நேரத்தில் வடியுமாறு செய்க. அது தீரும்போது முதலாவது ஒலி எழ வேண்டும். இரண்டாவதையும் அவ்வாறே வடியவிட்டால், அரை லீற்றர் வடிந்ததும் இரண்டாவது ஒலியும், முற்றும் வடிந்ததும் மூன்றாவது ஒலியும் எழும். பின்பு எண்ணிக்கையை அழித்துவிட்டு, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, ஒரே போத்தலை ஐம்பது நிமிடத்தில் வடியவிடுக. இம்முறை முதலிரண்டு ஒலிகளுக்குக் காத்திராமல், போத்தல் தீரும் தறுவாயிலேயே கருவி மூன்றாவது ஒலியை எழுப்ப வேண்டும். எழுப்பாவிடின் நிரலில் மணிக்கணக்குப் பகுதியைத் திறந்து பார்க்கவும்.